பரிணாம வடிவமைப்பா, படிவளர் வடிவமைப்பா?

> மென்பொருளின் வடிவமைப்பை முழுதும் முன்பே முடிவுசெய்யாமல் சிறிது சிறிதாக வளர்க்கும் 'எவல்யூஷனரி டிசைன்' என்பதற்குப் பரிணாம வடிவமைப்பு என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். பரிணாமம் என்றதும் இலக்கில்லாமல் நேரும் மாற்றம் என்ற உயிரியல் பொருள் முந்திக்கொள்கிறது. ஈழத்துப் பாடநூல்களில் உள்ள 'கூர்ப்பு'க்கும் இதே தொல்லை உண்டு. மென்பொருளைச் சிறு சுற்றுகளாக உருவாக்கும் அஜைல் முறையில் ஒவ்வொரு மாற்றத்தையும் யோசித்தே செய்கிறோம். யோசிக்காமல் வளரவிட்டால் ஒட்டுப்போட்ட நிரல்தான் மிஞ்சும். மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதிவரும் மார்ட்டின் ஃபவுலர் 2000-இலேயே இதை எச்சரித்தார்: தானியங்கிச் சோதனை, தொடர் ஒருங்கிணைப்பு (எல்லோருடைய நிரலையும் அடிக்கடி ஒன்றுசேர்த்துச் சோதிப்பது), ரீஃபாக்டரிங் (வெளி நடத்தை மாறாமல் நிரலின் உள்ளமைப்பைத் திருத்துவது) மூன்றும் இருந்தால்தான் இந்த முறை நிற்கும்.

என் பரிந்துரை 'படிவளர் வடிவமைப்பு'. எதிர்ச்சொல், தொடக்கத்திலேயே தீர்மானித்துவிடும் 'முன்திட்ட வடிவமைப்பு'.

'படி' ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தரவுத்தளத்தின் வாடிக்கையாளர் அட்டவணையில் முகவரிக்குள் கிடக்கும் பின்கோடைத் தனி நெடுவரிசையாக்க வேண்டும். முதல் வெளியீட்டில் காலியாக இருக்கலாம் என்ற அனுமதியோடு புது நெடுவரிசையைச் சேர்க்கிறோம். அடுத்ததில் நிரல் பழையது, புதியது இரண்டிலும் எழுதுகிறது. பிறகு பழைய பதிவுகளை ஆயிரம் ஆயிரமாக நிரப்புகிறோம். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றப்போனால் அட்டவணைக்குப் பூட்டு விழுந்து (வேறு யாரும் அதை மாற்ற முடியாமல்) மற்ற வேலைகள் காத்துக்கிடக்கும். சரிபார்த்தபின் வாசிப்பதைப் புதியதற்கு மாற்றி, முகவரியில் பின்கோடு எழுதுவதை நிறுத்தி, கடைசியில்தான் அங்கிருந்து அதை நீக்குகிறோம். சேர்ப்பதையும் நீக்குவதையும் ஒரே வெளியீட்டில் செய்தால், இன்னும் புதுப்பிக்கப்படாத சர்வர்களில் ஓடும் பழைய நிரல் பின்கோடை முகவரியில் தேடி ஏமாறும். திரும்பிப்போகவும் வழியிருக்காது.

> ரீஃபாக்டரிங்குக்கு 'மறுசீரமைப்பு' போதாதா?

போதாது. அதைக் கேட்பவர் திருப்பி எழுதுவது என்றே நினைப்பார். புது வசதியும் அதில் வந்து கலந்துவிடும். வெளி நடத்தை மாறாமல் உள்ளமைப்பை மட்டும் திருத்துவதற்கு 'உள்சீரமைப்பு' பொருந்தும். ஒரு கமிட்டைப் (ஒரு தடவையில் பதியும் நிரல் மாற்றத்தை) பற்றி "இந்த கமிட்டில் உள்சீரமைப்பு மட்டும்" என்றால், சோதனைகளின் எதிர்பார்ப்பு எதுவும் மாறியிருக்கக் கூடாது என்று மதிப்பாய்வாளருக்கு உடனே விளங்கும்.

'முன்திட்ட' என்பதைக் குறைவான சொல்லாக ஆக்கிவிட வேண்டாம். பிறருடைய நிரல்கள் நம் மென்பொருளோடு பேசும் ஏபிஐ (இடைமுகம்), தரவை எந்த நாட்டில் வைப்பது போன்றவற்றைப் பின்னால் மாற்றுவதற்குச் செலவு அதிகம். அவற்றை முன்பே தீர்மானிப்பதுதான் சரி.

'படிவளர்' பிடிக்காதவர்கள் மாற்றுச்சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள். "இந்த மாட்யூலைப் படிவளர் முறையில் செய்கிறோம்" என்பதைவிட இயல்பாக ஒலித்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.