கறுப்பு மை மட்டும் விட்டு விட்டு வருகிறது, என்ன செய்யலாம்?
வணக்கம் நண்பர்களே. வீட்டில் இருப்பது இங்க் டேங்க் பிரிண்டர். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனதில் இரண்டு மாதம் தொடவே இல்லை. இப்போது நாஸில் செக் (மை வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பிரிண்ட்) எடுத்தால் கலர் மூன்றும் முழுசாக வருகின்றன. கறுப்பில் பாதிக் கோடுகளைக் காணோம். மகளின் ஹால் டிக்கெட்டில் அவள் பெயருக்கு நடுவிலேயே வெள்ளைக் கோடு ஓடுகிறது.

ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் ஹெட்டை பிரிண்டரே சுத்தம் செய்வது) நான்கு முறை ஓட்டிவிட்டேன். இன்னும் ஓட்ட மனசில்லை. ஒவ்வொரு தடவையும் மை வீணாகி அடியில் இருக்கும் பஞ்சில்தானே போய்ச் சேருகிறது, அது நிரம்பினால் அப்புறம் வேறு செலவு. கறுப்பு பிக்மென்ட் மை (நுண்ணிய நிறத்துகள் கலந்த மை) என்பதால் காய்ந்து இறுகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த டிஷ்யூவை ஹெட்டுக்கு அடியில் இரவு முழுக்க வைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சிரிஞ்சால் தள்ளினால் ஹெட்டே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.