மறு: மறு: மெக்கானிக்கல் கீபோர்டு – ‘இயந்திர விசைப்பலகை’ போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ என்பதற்கு ‘இயந்திர விசைப்பலகை’ என்பதையே நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம் என்ற இடத்துக்கு இந்த இழை வந்து நிற்கிறது. சேர்க்கும் முன் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்கிறேன். மாற்றாக ‘வில்விசைப் பலகை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இப்போது பலரும் வாங்குகிற கச்சிதமான, கம்பியில்லாத வகைக்குக் ‘கம்பியில்லா வில்விசைக் குறும்பலகை’. பார்க்க நீளம்தான். ஆனால் ஒவ்வொரு துண்டும் தன் வேலையைச் செய்கிறது.

> ‘மெக்கானிக்கல்’ என்றால் இயந்திரம் சார்ந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது, ஐயா. தமிழில் ‘இயந்திர’ என்ற அடை இன்று வேறு வேலைக்குப் போய்விட்டது. இயந்திர மனிதன், இயந்திரக் கற்றல் என்றெல்லாம் எழுதும்போது ‘தானே இயங்குவது’ என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். ‘இயந்திர விசைப்பலகை’ என்றால் பாதிப் பேருக்கு மோட்டார் வைத்த ஏதோ ஒன்று, மீதிப் பேருக்குப் பழைய தட்டச்சுப் பொறி. இன்னொரு நண்பர் சொன்ன ‘பொறிமுறை விசைப்பலகை’ இதைவிட நல்ல சொல்தான். ஆனால் சாதாரண ரப்பர் குமிழ் விசைப்பலகையிலும் ஒரு பொறிமுறை இருக்கிறதே. பிரித்துக் காட்ட வேண்டிய இரண்டையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டால் கலைச்சொல் எதற்கு?

பொருளைத் திறந்து பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். மலிவான விசைப்பலகையில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே சவ்வு விரிந்திருக்கும். ஒவ்வொரு விசையையும் ஒரு ரப்பர் குமிழ் தாங்கும். குமிழ் முழுக்க மடிந்து சவ்வின் இரு படலங்களும் தொட்டுக்கொண்டால்தான் எழுத்து விழும். நாம் பேசுகிற வகையில் பொதுவாக ஒவ்வொரு விசைக்கும் தனி ஆளி (சுவிட்ச்) உண்டு. ஆளிக்குள் ஒரு தண்டு, ஒரு சுருள்வில், இரண்டு உலோகத் தொடுமுனைகள். 1980களில் வந்த, செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ஆளிதான் இன்றும் பெரும்பாலானவற்றுக்கு அச்சு. அதன் சிவப்பு வகையில் தண்டு மொத்தம் 4 மி.மீ. இறங்கும். 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து விழுந்துவிடும். அதற்கு விரல் தர வேண்டிய அழுத்த விசை 45 சென்டிநியூட்டன்.

> அப்படியானால் ‘தனியாளிப் பலகை’ அல்லது ‘தொடுமுனைப் பலகை’ என்று வைக்கலாமே?

நல்ல கேள்வி. நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் இரண்டும் விளிம்பில் இடறுகின்றன. இப்போது வரும் காந்த ஆளிகளில் தொடுமுனையே கிடையாது. தண்டில் ஒரு காந்தம், கீழே ஓர் உணரி, அவ்வளவுதான். ஒளி ஆளிகளிலும் அப்படியே, ஒளிக்கற்றை மறைவதையோ திறப்பதையோ வைத்து எழுத்து பதிவாகிறது. ஆகவே ‘தொடுமுனை’ நிற்காது. ஐபிஎம் 1985இல் கொண்டுவந்த மாடல் எம் விசைப்பலகையில் தனி ஆளிகள் இல்லை. வளைந்து மடியும் சுருள்விற்களுக்கு அடியில் சவ்வுதான் இருக்கிறது. ஆனாலும் அதை மெக்கானிக்கல் இல்லை என்று சொல்லும் ஆள் அரிது. ஆகவே ‘தனியாளி’யும் நிற்காது.

இத்தனை வகைக்கும் பொதுவாக எது மிஞ்சுகிறது? சுருள்வில். அழுத்திய விரலை எதிர்த்து, விசையை மேலே தள்ளுவது வில். விரல் உணர்வதும் அதைத்தான். டோப்ரே என்ற நிறுவனத்தின் வகையில் ரப்பர் குமிழும் உண்டு, கூம்பு வடிவ வில்லும் உண்டு. அங்கே மேலே தள்ளும் வேலையைப் பெரிதும் குமிழ்தான் செய்கிறது. அதனால்தான் அது எந்தக் கட்சி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வரையறையில் ‘மீள்விசையைத் தருவது சுருள்வில்’ என்று ஒரு வரி சேர்த்தால் அந்தச் சண்டைக்கும் ஓர் அளவுகோல் கிடைத்துவிடும்.

> ‘வில்விசை’ என்றால் இயற்பியலில் வில்லின் விசை என்று பொருள் வராதா?

தனியாக நின்றால் வரும். பக்கத்தில் ‘பலகை’ வந்ததும் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். ‘விசைப்பலகை’ என்ற சொல்லே இப்படி இரண்டு பொருளைச் சுமந்துகொண்டுதான் இத்தனை காலமாகப் புழங்குகிறது. யாரும் அதைக் கேட்டுத் தடுமாறியதில்லை.

அடுத்து, கச்சிதமான வகை. ‘சிறிய விசைப்பலகை’ என்றும் ‘குறுவிசைப் பலகை’ என்றும் இழையில் வந்திருந்தது. இரண்டாவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன், ஏனென்றால் அது விசைகள் சிறியவை என்று சொல்கிறது. உண்மை அதுவல்ல. முழுப் பலகையானாலும் கச்சிதப் பலகையானாலும் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு வழக்கமான இடைவெளி அதே 19.05 மி.மீ.தான். குறைவது விசைகளின் எண்ணிக்கை. 104 விசைகளில் வலப்புற எண்பலகையை நீக்கினால் 87. மேலே உள்ள செயல் விசை வரிசையையும், வரித் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தாவுவது போன்ற நகர்வு விசைகளையும், அம்புக்குறிகளையும் நீக்கினால் 61. அகலம் ஏறக்குறைய 43 செ.மீ.யிலிருந்து 29 செ.மீ.க்குக் குறையும். ‘குறும்படம்’ என்றால் படச்சட்டம் சிறியது என்று யாரும் நினைப்பதில்லை, ஓடும் நேரம் குறைவு என்றே புரிந்துகொள்கிறோம். அந்த வழியில் ‘குறும்பலகை’. 60 விழுக்காடு, 65 விழுக்காடு என்று விற்பனைக்காரர்கள் சொல்லும் கணக்கை விட்டுவிட்டு, ‘61 விசைக் குறும்பலகை’, ‘68 விசைக் குறும்பலகை’ என்று எண்ணிக்கையைச் சொன்னாலே தெளிவாக இருக்கும்.

‘கம்பியில்லா’ பற்றிப் பெரிதாகப் பேச எதுவுமில்லை. ஏற்கெனவே வேரூன்றிய சொல். ஒன்று மட்டும். இவற்றில் பெரும்பாலானவை கம்பி செருகினாலும் வேலை செய்யும் என்பதால், அதைப் பெயருக்குள் கரைத்துவிடாமல் முன்னால் நிற்கும் அடையாகவே வைத்துக்கொள்வோம்.

சரி, சொல் நிற்குமா என்பதை நாலு பத்தி எழுதிப் பார்த்தால்தானே தெரியும்? பயனர்களுக்கான ஒரு கட்டுரையில் இவற்றின் நன்மை தீமைகளை எழுத வேண்டியிருந்தால் எப்படி வரும் என்று முயன்றிருக்கிறேன். போகிற போக்கில் வேறு சில சொற்களும் தேவைப்பட்டன. அவற்றையும் பாருங்கள்.

குறும்பலகையின் முதல் ஆதாயம் வலது கைக்கு. எண்பலகை போனதும் சுட்டி அந்த அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது. நாள் முழுக்கத் தட்டச்சுக்கும் சுட்டிக்கும் மாறி மாறிக் கை போகிறவர்களுக்குத் தோள் விரிவது குறைகிறது. வில்விசையின் ஆதாயம் விரலுக்கு. பாதித் தூரத்திலேயே எழுத்து விழுந்துவிடுவதால் அடிமட்டம் வரை குத்த வேண்டியதில்லை. பழகிய விரல் அங்கேயே திரும்பிவிடும். ஆளி வகையை அவரவர் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம் என்பது இன்னொன்று. தடையே இல்லாமல் இறங்குவதை ‘நேரோட்ட ஆளி’ எனலாம். வழியில் ஒரு சிறு மேடு விரலில் தட்டுப்படுவதை ‘நெருடல் ஆளி’ எனலாம். மேட்டோடு ஓசையும் எழுப்புவதைச் ‘சொடக்கு ஆளி’ எனலாம். நெருடல் என்ற சொல்லுக்கு இன்று மனச்சங்கடம் என்ற பொருளே முந்திக்கொண்டு வருகிறது, தெரியும். ஆனால் விரலால் தடவி உணர்வதுதான் நெருடுதல். அதை அதன் சொந்த வேலைக்கே திரும்ப அழைக்கலாம் என்று நினைக்கிறேன். சொடக்கு ஆளியைப் பலர் அமர்ந்து வேலை செய்யும் அறையில் பயன்படுத்துவது பக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய தொல்லை. அதையும் கட்டுரையில் எழுதியாக வேண்டும்.

குறையில் முதன்மையானது ‘அடுக்கு’. நீக்கப்பட்ட விசைகள் எங்கும் போய்விடவில்லை. ஓர் ‘அடுக்கு விசை’யைப் பிடித்துக்கொண்டு வேறொன்றை அழுத்தினால் வரும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு இது சில நாள் பழக்கம். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் எழுதுகிற நமக்கு அப்படி இல்லை. இதைப் பற்றி வாங்குவோருக்கான கட்டுரைகள் எதிலும் நான் படித்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்99இல் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் ஆங்கில எழுத்து விசைகளில் இல்லை, குறியீட்டு விசைகளில் இருக்கின்றன. இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ. அரைப்புள்ளியில் ந. ஒற்றை மேற்கோளில் ய. சாய்கோட்டில் ழ. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளே உள்ள மிகக் குறும்பலகைகள் முதலில் கைவைப்பது இந்த அடைப்புக்குறிகளில்தான். அப்போது ஒவ்வொரு ‘ச’வுக்கும் அடுக்கு விசையைப் பிடிக்க வேண்டும். ‘செய்தி’, ‘சொல்’, ‘பேச்சு’ என்று எழுதிப் பாருங்கள், கை எத்தனை முறை இடம் மாறுகிறது என்று தெரியும். 61 விசைக் குறும்பலகையில் ஐந்து விசைகளும் பத்திரமாக இருக்கும். ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. சில பலகைகளில் சாய்கோட்டு விசையே மேல் அம்புக்குறியாகவும் வேலை செய்யும். எது முதன்மை என்பதை ஒரு விசைச்சேர்க்கையால் மாற்றிக்கொள்ளலாம். தெரியாமல் அது மாறிவிட்டால், ‘தமிழ்’ என்று தட்டும்போது ‘தமி’ வரை வந்து, சுட்டுக்குறி மேல் வரிக்குத் தாவி, புள்ளிக்காக அழுத்தியது அங்கே போய் விழும். பலகை பழுது என்றே நினைப்பார்கள். ஆகவே தமிழ்99காரர்களுக்கு என் பரிந்துரை அம்புக்குறிகள் தனியாக உள்ள 68 விசைக் குறும்பலகை. மெய்ப்புத் திருத்துகிறவர்கள் 87 விசைக்குக் கீழே இறங்க வேண்டாம். வரித் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தாவுவது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

இன்னொரு கோளாறுக்குச் சொல் வேண்டியிருந்தது. உலோகத் தொடுமுனைகள் சேரும்போது ஒரு கணம் துள்ளும். செர்ரி ஆளிகளுக்கு அது 5 மில்லிநொடிக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. பலகைக்குள் இருக்கும் நிரல் அந்தத் துள்ளலைப் பொறுத்திருந்து, பிறகே எழுத்தைக் கணினிக்கு அனுப்புகிறது. இதைத் ‘துள்ளல் தணிப்பு’ எனலாம். ஆளி தேய்ந்தாலோ தூசி புகுந்தாலோ தணிப்பையும் மீறி ஒரே அழுத்தம் இரண்டாகப் பதியும். ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்து இரண்டாகத் தெரிந்து உடனே கண்ணில் படும். தமிழ்99இல் ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழுந்துவிடுமே. ‘அமைதி’ என்று அடித்தால் ‘அம்மைதி’ என்று வந்து நிற்கும். எழுத்துப்பிழை என்றே தோன்றும், பலகையின் கோளாறு என்று தோன்றாது. இதற்கு ‘விசை இரட்டல்’ என்று பெயர் வைக்கலாம். தன்னொற்றிரட்டல் படித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

கம்பியில்லாமையின் நிறைகுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசை சுத்தம். கணினி, மடிக்கணினி, கைப்பேசி மூன்றோடும் இணைத்து ஒரு விசையில் மாறிக்கொள்ளும் வசதி. கம்பியிலோ தனி வாங்கியிலோ (கணினியில் செருகும் சிறு அலைவாங்கி) பல பலகைகளில் நொடிக்கு 1000 முறை தகவல் போகும். வழக்கமான குறைமின் புளூடூத்தில் இரு பரிமாற்றங்களுக்கு இடையே குறைந்தது 7.5 மில்லிநொடி ஆகும். எழுதுகிறவர் கைக்கு இந்த வேறுபாடு தெரியாது. கைக்குத் தெரிவது வேறொன்று. மின்கலத்தைச் சேமிக்கப் பலகை உறங்கிவிடும், எழுப்பும் முதல் அழுத்தம் சில நேரம் தொலைந்துபோகும். ‘வணக்கம்’ என்று தொடங்கினால் ‘ணக்கம்’ என்று வரும். அப்புறம், இயங்குதளம் ஏறும் முன்னரே கடவுச்சொல் கேட்கும்படி வட்டை மறையாக்கம் செய்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் புளூடூத் அந்த நேரத்தில் உதவாது. கம்பியோ தனி வாங்கியோ வேண்டும். அந்த வாங்கியையும் யுஎஸ்பி 3 துளைக்கு ஒட்டினாற்போல் செருகக் கூடாது. அந்தத் துளை எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்து விழுகிறது. ஒரு சிறு நீட்டிப்புக் கம்பி போட்டு வாங்கியைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது மின்கலம். ஆளிகளுக்குத் தயாரிப்பாளர்கள் 5 கோடி அழுத்தம், 10 கோடி அழுத்தம் என்று ஆயுள் சொல்கிறார்கள். மாடல் எம் பலகைகள் பல இன்றும் ஓடுகின்றன. அவ்வளவு உழைக்கக்கூடிய ஒரு பொருளுக்குள், சில ஆண்டுகளில் திறன் இழந்துவிடும் லித்தியம் மின்கலத்தை வைத்து மூடிவிடுகிறார்கள். திருகாணி கழற்றி மின்கலத்தை மாற்ற முடிகிற பலகையையே வாங்குங்கள் என்று கட்டுரையில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

மேலே எழுதியவற்றில் ‘வில்விசை’, ‘குறும்பலகை’ இரண்டும் எந்த வாக்கியத்திலும் உறுத்தவில்லை என்பது என் எண்ணம். ‘இயந்திர’ என்று அதே இடங்களில் மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள். தேடுகிறவர்கள் ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ என்றுதான் தேடுவார்கள். அதனால் பட்டியலில் அந்த ஒலிபெயர்ப்பையும் பக்கத்திலேயே கொடுத்துவிடலாம்.

ஒரு சொல் மட்டும் எனக்கு வசப்படவில்லை. பற்றவைப்பை உருக்காமல் ஆளியை இடுக்கியால் பிடுங்கி, வேறொன்றைச் செருகும் வசதி இருக்கிறதே, அதற்கு என்ன வைக்கலாம்? ‘கழற்றுவகை’ என்றால் விசைமூடியைக் கழற்றுவதோடு குழம்புகிறது. ‘செருகாளி’ என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் அது ஆளியைக் குறிக்கிறதே தவிரப் பலகையைக் குறிக்கவில்லை. மின்னணுவியலில் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள். அது முடிவானதும் எல்லாச் சொற்களையும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.