எதிரெதிர் ஷிப்ட்: உங்க வீட்டுல எப்படி?

பிறைக்காரி:
கல்யாணமாகி ஒன்பது வருசம். அவருக்கு பாயான் லெப்பாஸ்ல சிப் ஃபேக்டரி, ராத்திரி 7 மணியிலேர்ந்து காலை 7 வரைக்கும். எனக்கு ஜார்ஜ்டவுன்ல ஆபீஸ். சாயங்காலம் நான் மோட்டார் பைக்ல பினாங்குப் பாலத்துல பிறைக்குத் திரும்பி வர்றப்ப, எதிர்ப்பக்கம் அவரோட ஃபேக்டரி பஸ் தீவுக்குப் போய்க்கிட்டிருக்கும். 13.5 கிலோமீட்டர் பாலம். வேலை நாள்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்குறது அங்கதான்!

நேரமில்லைங்கிறது பழகிப்போச்சு. மனசு விட்டுப்போனது போன தைப்பூசத்துக்கு. பொது விடுமுறையில வேலை செஞ்சா மூணு சம்பளம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பேர் கொடுத்துட்டார். தலையில பால்குடம், இன்னொரு கையில மகன், தண்ணீர்மலை முருகன் கோயில்ல 513 படி. பாதியில அவன் "அப்பா எங்கம்மா?"ன்னு கேட்டான். பக்கத்துல குடும்பம் குடும்பமா ஏறுறாங்க. வீட்டு லோன் எனக்கும் தெரியும். கேட்டிருந்தா நானே போங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.

ராவாங் ஆளு:
எங்க வீட்டுல அந்தக் கேக்காத ஆளு நான்தான். 2023-ல மலேசியாவுல வேலைச் சட்டத்தை மாத்தி அப்பாமாருக்கு 7 நாள் சம்பள லீவு வந்துச்சே, மூத்தவ பிறந்தப்ப எடுத்தேன். ஏழு நாளும் ஃபோனும் கையுமா கிடந்தேன். பத்தியக் குழம்பு யார் வச்சா, பிள்ளைத் துணி யார் அலசினான்னு தெரியாது. ரெண்டாவதுக்கு ஃபோனை அலமாரியில போட்டுட்டு, ராத்திரி ரெண்டு மணிக்குத் துணி அலசிக்கிட்டு நின்னேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இப்பதான் லீவுல இருக்கீங்க"ன்னா.

அப்புறம், அதே சட்டத்துல வேலை நேரத்தை மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கேக்கலாம். 60 நாளைக்குள்ள முதலாளி பதில் சொல்லணும். கிடைக்கும்னு உறுதியில்ல, ஆனா கேட்டுப் பாக்கச் சொல்லுங்கக்கா.

செந்தூல் பெரியவர்:
ரயில்வே பட்டறையில நானும் ராத்திரி வேலை பார்த்தவன்தான். அனுசரிச்சுப் போகணும்மா. எங்க வீட்டம்மா ஒருநாள் வாய் திறந்ததில்ல.

பிறைக்காரி:
அனுசரிச்சுத்தான் ஐயா 513 படி ஏறினேன். உங்க வீட்டம்மா பக்கத்துல இருந்தா இன்னைக்காவது கேட்டுப் பாருங்க, ஏன் வாய் திறக்கலன்னு.

தம்பி, நேத்து பஸ்லேர்ந்து அவர் மெசேஜ் போட்டிருந்தார்: "தீபாவளிக்குப் பேர் கேக்குறாங்க. கொடுக்கவா?" ரெண்டு தடவை படிச்சேன். இன்னும் பதில் போடல.