வேலை முடிந்து வந்து சொந்த ப்ராஜெக்ட் செய்பவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி:
பகலில் கணக்குப் பிரிவில் வேலை. இரவில் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு செலவுக் கணக்குச் செயலி எழுதுகிறேன். போன வாரம் எங்கே விட்டேன் என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது. அதற்குள் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்?

பதில்:
அந்த அரை மணிதான் உங்கள் பிரச்சினை. நான் லேப்டாப்பை மூடுவதற்கு முன், தோல்வியடையும் டெஸ்ட் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் குட்டி நிரல்) ஒன்றை வேண்டுமென்றே எழுதி வைத்துவிடுவேன். அடுத்த முறை அதை ஓட்டினால் எங்கே கைவைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். அப்புறம், கமிட் செய்யும்போது, அதாவது மாற்றங்களைக் குறிப்போடு சேமிக்கும்போது, வெறும் "திருத்தம்" என்று எழுதாதீர்கள். "தேதி சரி, மாத மொத்தம் இன்னும் தப்பு" என்று எழுதுங்கள்.

பதில்:
அதிகாலையில் எழுந்திருங்கள் என்று யாராவது வருவார்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை. வார நாளில் பொத்தான் நிறம், எழுத்துப்பிழை மாதிரி சில்லறை வேலை மட்டும். டேட்டாபேஸை மாற்றுவதெல்லாம் விடுமுறைக்கு. பைத்தானையே கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத்தானே ஆரம்பித்தார்!

பதில்:
என்ன ஆனாலும் அலுவலக லேப்டாப்பில் எழுதாதீர்கள். வேலை ஒப்பந்தத்தில், நீங்கள் எழுதும் நிரலின் உரிமை யாருக்கு என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஐயோ, அதைப் படிக்கவே இல்லை. டெஸ்ட் யோசனையை இன்றைக்கே பார்க்கிறேன்.