புதுப்பிப்பு: சமையல் மேடைக்குப் பழைய மரம்தான்

சமையலறையைப் புதுப்பிக்கிறோம், மேடைக்கு எதைப் போட்டால் சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைவு என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, முடிவெடுத்தாச்சு. குவார்ட்ஸ் (கல்தூளைப் பிசினில் ஒட்டிச் செய்யும் செயற்கைக் கல்) வேண்டாம். அதில் 90 சதவீதம் வரை சிலிக்கா என்ற மணல் தாது இருக்கலாம், அறுக்கும்போது பறக்கும் தூசி தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கிறது, அதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்தது. மூங்கில் பலகை பிடித்திருந்தது, ஆனால் ஒட்டும் பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனம் உண்டா என்று கேட்டால் கடைக்காரரிடம் பதில் இல்லை. அப்புறம் இடித்த கட்டடத்தின் பழைய தேக்கு கிடைத்தது (ஆணி பிடுங்குவது பெரும்பாடு), ஆளிவிதை எண்ணெய் பூசியாச்சு. எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள். அடுப்புப் பக்கம் பழைய கல்லையே விட்டுவிட்டோம், மேஸ்திரிக்குத்தான் அதில் வருத்தம்.