வன்னியிலிருந்து வெளிநாட்டில் பண்பாட்டு மானிடவியல்: ஏஎல் முடிச்ச கையோட போறதா, இங்க பட்டம் எடுத்திட்டுப் போறதா?

பாலைப்பழம் எழுதியது:

வணக்கம். ஊர் முல்லைத்தீவுப் பக்கம் புதுக்குடியிருப்பு. உயர்தரம் (ஏஎல்) கலைப்பிரிவு, தமிழ்மொழி மூலம்: தமிழ், இந்து நாகரிகம், புவியியல். இரண்டு ஏ, ஒரு பி. பண்பாட்டு மானிடவியல் படிக்க விருப்பம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல், குளத்துத் தண்ணி பங்கிடுற முறை, மீள்குடியேறின பிறகு கலியாணத் தொடர்புகள் எப்பிடி மாறிச்சு, இதுகளில ஏதாவது ஒண்டை ஆராயோணும் எண்டு நினைக்கிறன்.

லண்டனில சித்தப்பா இருக்கிறார். விசாவுக்குத் தன்ர வங்கிக் கணக்கைக் காட்டலாம் எண்டுறார். நேரே பிரித்தானியாவுக்கு விண்ணப்பிக்கலாமா? அமெரிக்கா, ஜேர்மனி பற்றியும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. அங்க படிச்சுக்கொண்டு வன்னியிலயே களவேலை (சனத்தோட நிண்டு பார்த்து, கேட்டு எழுதிற ஆய்வு) செய்ய விடுவினமா?

குளக்கட்டு எழுதியது:

முதல் சித்தப்பாவின்ர கணக்கைப் பார்ப்பம், ஏனெண்டா விசா மறுக்கப்படுற இடம் அநேகமா அதுதான். பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் காசு உங்கட பேரில இருக்கோணும், அல்லது தாய் தகப்பன் பேரில (சட்டபூர்வப் பாதுகாவலர் எண்டாலும் சரி). சித்தப்பா, மாமா, அண்ணா கணக்கு செல்லாது, அவர் லண்டனிலயே இருந்தாலும். அவர் உதவ விரும்பினா காசை உங்கட கணக்குக்கு மாத்திவிடோணும். அது அங்க தொடர்ச்சியா 28 நாள் கிடக்கோணும். அந்த 28 நாள் முடியிற திகதிக்கும் நீங்கள் விண்ணப்பிக்கிற நாளுக்கும் இடையில 31 நாளுக்கு மேல போகப்படாது. இடையில ஒருநாள் மீதி குறைஞ்சாலும் திரும்ப முதலில இருந்து எண்ணோணும். ரூபாயில வைச்சிருந்தா விண்ணப்பிக்கிற நாளின்ர மாற்று வீதத்திலதான் கணக்கு. மட்டுமட்டா வைக்காதேங்கோ. தாய் தகப்பன் கணக்கு எண்டா பிறப்புச் சான்றிதழும் அவையின்ர சம்மதக் கடிதமும் வேணும்.

எவ்வளவு எண்டா: கட்டாமல் மிச்சம் இருக்கிற முதல் வருசக் கல்விக் கட்டணம், அதோட 9 மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பரில இருந்து மாதத்துக்கு லண்டனுக்குள்ள 1,529 பவுண், வெளியில 1,171 பவுண். இந்தத் துறைக்கு வெளிநாட்டு மாணவரின்ர வருசக் கட்டணம் பெரும்பாலும் 20,000 முதல் 30,000 பவுண் வரை. சுகாதாரக் கட்டணம் வருசத்துக்கு 776 பவுண், முழுக்க முன்கூட்டியே கட்டோணும். ஒரு வருச முதுகலைக்குக் கூட விசா 16 மாதம் வாறதால ஒண்டரை வருசக் கணக்கில 1,164 பவுண் வரும். காசநோய்ச் சோதனையைக் கொழும்பில செய்யோணும், அந்தச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அவசரப்பட்டு முதலே எடுக்காதேங்கோ.

அமெரிக்காவில உறவினர் பொறுப்பேற்கலாம், அங்க சித்தப்பா செல்லுவார். ஜேர்மனிக்கு முடக்கக் கணக்கில (மாதாமாதம் ஒரு அளவுதான் எடுக்கலாம்) வருசத்துக்கு 11,904 யூரோ போடுறது, அல்லது அங்க வசிக்கிற ஒருத்தர் பொறுப்புறுதி எழுதிக் குடுக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டெம்பேர்க்கில ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில இருந்து வாறவைக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. தென்னாசியாவுக்கெண்டே ஒரு நிறுவகம் இருக்கிற ஹைடெல்பேர்க் அந்த மாநிலத்துக்குள்ளதான் வருது.

வீரமரம் எழுதியது:

குளக்கட்டு சொன்ன கணக்கை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். இங்கிலாந்தில் இளங்கலை மூன்று வருடம், ஸ்கொட்லாந்தில் நான்கு. காணியை ஈடுவைத்து, மானிடவியல் இளங்கலைக்கு அவ்வளவு கடன்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலங்கை உயர்தரத்தைப் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும், பாடத்தேர்வும் தடையில்லை. தடை காசுதான். இளங்கலைக்கு முழுப் புலமைப்பரிசில் மிக அரிது. முதுகலைக்கும் கலாநிதிக்கும்தான் வழி திறக்கிறது.

ஆகவே இங்கே சமூகவியல் படியுங்கள். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் துறை இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரவில் சமூகவியலும் மானிடவியலும் ஒரே துறையாக இருக்கின்றன. ஒரு விடயத்தை மட்டும் விடாதீர்கள்: மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்காமல் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குள் போய்விடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல நான்கு வருடப் பட்டத்தை எதிர்பார்க்கும். சிறப்புப் பட்டத்தில் எழுதும் ஆய்வேடு பின்னர் எழுத்து மாதிரியாகவும் பயன்படும்.

அதன் பின் இரண்டு பாதை. ஒன்று, பிரித்தானியாவில் ஒரு வருட முதுகலை. பிரித்தானிய அரசின் சீவ்னிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு வருட முழுநேர வேலை. முடித்ததும் இலங்கைக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் உண்டு. மற்றது, சிறப்புப் பட்டத்தோடு நேராக அமெரிக்கக் கலாநிதி. அங்கே முதுகலை தேவையில்லை. நல்ல துறைகள் கட்டணத்தை விலக்கி மாதப்படி தருகின்றன, பதிலுக்கு வகுப்பெடுக்க உதவ வேண்டும். ஐந்து முதல் ஏழு வருடம், சிலவேளை மேலும். விண்ணப்ப முடிவு பெரும்பாலும் டிசம்பர் முதற் பாதி, மூன்று பரிந்துரைக் கடிதங்கள். அண்மையில் சில துறைகள் ஆள் எடுப்பதைக் குறைத்திருக்கின்றன, சில நிறுத்தியே விட்டன. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அந்த வருடம் எடுக்கிறார்களா என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கட்டண விலக்கும் கேட்டால் கிடைக்கும் இடங்கள் உண்டு.

தேடும்போது கவனம்: பிரித்தானியாவில் இப்படிப்பு அநேகமாகச் சமூக மானிடவியல் என்ற பெயரில்தான் பட்டியலில் வரும். அமெரிக்கத் துறைகளில் தொல்லியல், உயிரியல் மானிடவியல், மொழியியல் மானிடவியல் எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும், முதல் வருடத்தில் அவற்றையும் தொட வேண்டிவரலாம்.

நந்திக்கடல் எழுதியது:

களவேலை பற்றி ஒருத்தரும் தொடேல்லை. விடுவினம். ஆனா இலங்கைக் குடியுரிமை இருக்குது, ஊர் சொந்த ஊர் எண்டதால நினைச்சவுடன போய்த் தொடங்கேலாது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின்ர அனுமதி வரமுன்னம் எடுத்த நேர்காணலை ஆய்வேட்டில பாவிக்கேலாது. இந்த அனுமதிக்கு வாரங்கள் இல்லை, மாதக்கணக்கில போகலாம். போர் நடந்த இடம், காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர குடும்பங்கள் எண்டு வந்தா கேள்வி இன்னும் கூடும்: கதைக்கிற ஆள் உடைஞ்சு அழுதா என்ன செய்வீர், ஒலிப்பதிவை எங்க பூட்டி வைப்பீர், உம்மட ஃபோனை யாராவது வாங்கிப் பார்த்தா என்ன நடக்கும்.

முதலே யோசிக்க வேண்டியது சம்மதப் படிவம். எங்கட பக்கம் அறியாத தாளில கையெழுத்து வைக்கச் சொன்னா சனம் கதைக்கிறதை நிப்பாட்டிப் போடும். வாய்மொழிச் சம்மதத்துக்கு அனுமதி கேக்கலாம், காரணத்தைத் தெளிவா எழுதினா குழுக்கள் ஏற்கும். அடுத்தது பேர் மாத்திறது. இருநூறு குடும்பம் இருக்கிற ஊரில "அம்மன் கோயிலடிப் பூசாரி" எண்டு எழுதினா எந்தப் புனைபெயரும் அந்த ஆளை மறைக்காது. தொழில், வயது, நடந்த வருசம் இதுகளையும் கலைச்சு எழுதப் பழகோணும். உள்ளூரில கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் குடுங்கோ. அதோட கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்கரை எண்டா கடற்றொழிலாளர் சங்கம், இவைக்கும் சொல்லாமல் இறங்காதேங்கோ.

இனிக் காலம். இதைத்தான் பலர் கணக்குப் பார்க்கிறேல்லை. பிரித்தானிய முதுகலையில களவேலைக்குக் கிடைக்கிறது யூன், யூலையில ஆறு, எட்டுக் கிழமை. வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில. சிலாவத்தையில தீர்த்தம் எடுக்கிறது அதுக்கும் முதல். அந்த நேரம் உங்களுக்கு அங்க கட்டுரைகள் முடிக்கிற காலமா இருக்கும். குளத்துத் தண்ணி எண்டா இன்னும் சிக்கல்: காலபோகம் (மாரிமழை நெல்) விதைப்பு ஐப்பசி, கார்த்திகைப் பக்கம், வெட்டு தை, மாசியில. கோடையில குளத்துத் தண்ணியில செய்யிற சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கருக்குத் தண்ணி எண்டு தீர்மானிக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டமும் யூனுக்கு முதலே முடிஞ்சிடும். சண்டை, விட்டுக்குடுப்பு, பழைய உரிமை எல்லாம் வெளிய வாறது அந்தக் கூட்டத்திலதான். ஆகவே குளம் கலாநிதிக்கு. அதில 12 முதல் 18 மாதம் களத்தில நிக்கலாம். முதுகலைக்குக் கலியாணத் தொடர்பை எடுங்கோ, அதுக்குப் பருவம் இல்லை.

விசாவோட போறவை களத்துக்கு வெளிக்கிடமுன்னம் பல்கலைக்கழகத்தின்ர எழுத்து அனுமதி எடுக்கோணும். பிரித்தானிய வெளியுறவு அமைச்சின்ர பயண அறிவுறுத்தல் மாறினா காப்புறுதி செல்லாமல் போகலாம்.

பாலைப்பழம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வீரமரம் சொன்ன பாதைதான் சரிபோல. ரண்டு கேள்வி. விண்ணப்பத்தோட குடுக்கிற ஆர்வக் கூற்றில என்ன எழுதிறது? இங்கிலீசுச் சோதனைக்கு எவ்வளவு வேணும்?

வீரமரம் எழுதியது:

ஆங்கிலம்: ஐஈஎல்ரிஎஸ் 7.0 என்று வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துப் பகுதியில் 6.5க்குக் கீழே போகாமல். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், பட்டத்தின் கடைசி வருடத்துக்கு முன் எழுதுவது வீண். தமிழ்மொழி மூலம் படித்தவர்கள் விழுவது எழுத்துப் பகுதியில். வகுப்பிலும் அதே கதை. ஒரு கிழமைக்கு நூறு பக்கத்துக்கு மேல் வாசித்துவிட்டு "இவர் சொல்வது எங்கே பொருந்தவில்லை" என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். வாசித்ததைச் சுருக்கித் தந்தால் புள்ளி வராது.

கூற்றில் "எமது தொன்மையான பண்பாட்டை உலகறியச் செய்ய வேண்டும்" என்று எழுதாதீர்கள். தெரிவுக் குழுவுக்கு அது பிரசாரமாகத்தான் தெரியும். பொங்கலின் பெருமையை விடுங்கள். கடல்நீரில் விளக்கெரியும் சடங்கில் எந்தக் கடமை எந்த ஊராருக்கு உரியது, இடம்பெயர்ந்து ஊரே இல்லாத வருடங்களில் அந்த உரிமைக்கு என்ன ஆனது, திரும்பி வந்தபின் யார் எதைச் சொல்லி அதைக் கேட்டார்கள் என்று கேளுங்கள். அது ஆய்வுக் கேள்வி.

அதை ஏற்கெனவே நடந்த ஒரு வாதத்தோடு பொருத்துங்கள். பிரித்தானிய மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1954இல் அனுராதபுரப் பக்கம் நுவரகலாவியவில் புல் எலிய என்ற குளத்து ஊரில் களவேலை செய்தார். உறவுமுறை விதிகளைவிடக் குளமும் வயல் வரம்பும் ஆட்களைக் கட்டிவைக்கின்றன என்பது அவர் வாதம். போரில் வரம்பே அழிந்து மறுபடி அளந்த ஊரில் அந்த வாதம் நிற்குமா? உங்கள் ஊரிலிருந்து கேட்கக்கூடிய கேள்வி இது. ஸ்ரான்லி தம்பையா, கணநாத் ஒபயசேகர, வலன்ரைன் டானியல் ஆகிய இலங்கை மானிடவியலாளர்களையும் இப்போதே வாசிக்கத் தொடங்குங்கள். அத்துறையில் எந்தப் பேராசிரியரிடம் படிக்க விருப்பம் என்று கூற்றில் பெயர் சொல்ல வேண்டிவரும். அவர் ஓய்வுபெற்றுவிட்டாரா என்பதைத் துறைப் பக்கத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

குளக்கட்டு எழுதியது:

நாலு வருசம் இருக்குதெண்டு கடதாசி வேலையைத் தள்ளிப்போடாதேங்கோ. உயர்தரச் சான்றிதழில முதலெழுத்தோட பேர், கடவுச்சீட்டில தகப்பன் பேரோட முழுப்பேர், பிறப்புச் சான்றிதழில வேற எழுத்துக்கூட்டல் எண்டு இருந்தா ஒவ்வொரு இடத்திலயும் சத்தியக்கடதாசி கேப்பினம். கடவுச்சீட்டு எடுக்கிறதுக்கு முதல் இதுகளைச் சரிபாருங்கோ, வவுனியா அலுவலகத்திலயே எடுக்கலாம். 2009இல மூலப்பிரதி துலைஞ்சிருந்தா பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்தில திரும்ப எடுக்கலாம். ஏஎல் பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்தில, ஆங்கிலத்திலயே கேளுங்கோ. வெளிநாட்டலுவல்கள் அமைச்சின்ர அத்தாட்சிக்குக் கொழும்பு போகத் தேவையில்லை, யாழ்ப்பாணத்தில கிளை இருக்குது. மொழிபெயர்ப்புகளைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒராளிட்டயே குடுங்கோ. ரண்டு பேர் செய்தா உங்கட பேருக்கு ரண்டு எழுத்துக்கூட்டல் வந்துசேரும்.