குனிந்தால் இடுப்பு வலி கூடுகிறது, எந்த ஆசனம் செய்யலாம்?

தையல்கடை அக்கா:
வயது 44, பதினெட்டு வருடமாகத் தையல் மிஷின்தான் பிழைப்பு. மூன்று மாதத்துக்கு மேலாக இடுப்பில் பட்டையாக வலி, காலையில் நிமிரவே நேரமாகிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் எலும்பில் ஒன்றுமில்லை, யோகா செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார். சரி என்று வீடியோ பார்த்துப் பாதஹஸ்தாசனம் செய்தேன், கால் விரலைத் தொட்டே தீருவேன் என்று ஒரு வீம்பு, மறுநாள் துணி வெட்டக்கூடக் குனிய முடியவில்லை. வலி காலுக்கு இறங்கவில்லை. யாராவது செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:
அக்கா, பாதஹஸ்தாசனம், உட்கார்ந்து காலை நீட்டிக் குனியும் பச்சிமோத்தாசனம் இரண்டையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். நாள் முழுக்க மிஷின் மேல் குனிந்தே இருக்கிறீர்கள், தொடையின் பின்பக்கத் தசையும் இறுகியிருந்தால் குனியும்போது அத்தனை பாரமும் கீழ் முதுகின் தலையில்தான் விழும். மார்ஜாரியாசனத்தில் தொடங்குங்கள்: கையும் முட்டியும் தரையில், மூச்சை விடும்போது பூனை மாதிரி முதுகைத் தூக்கி, இழுக்கும்போது தாழ்த்தி, மெதுவாகப் பத்துத் தடவை. அப்புறம் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம், அதுவும் முழங்கையை ஊன்றிப் பாதி உயரம் போதும், வலித்தால் அதையும் விடுங்கள். கடைசியில் மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேல் போட்டு ஐந்து நிமிடம். எனக்கு மாத்திரையைவிட அதுதான் கேட்டது. எழுந்தவுடன் வேண்டாம், இரவில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் நீர் ஊறி விறைத்திருக்கும், ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

பழைய ஆள்:
யோகாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்மா. தைலம் தேய்த்துப் பத்து நாள் கட்டிலை விட்டு இறங்காதே.

பிசியோ தம்பி:
ஐயா, தைலம் சரி, கட்டில்தான் இடிக்கிறது. படுத்தே கிடந்தால் தசை இன்னும் தளர்ந்துபோகும். 12 வாரத்தைத் தாண்டிய இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் உடற்பயிற்சி, யோகா போன்றவற்றைப் பாருங்கள் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியே 2017இல் சொல்லிவிட்டது. அக்கா, வலி முட்டிக்குக் கீழே இறங்கினாலோ கால் மரத்தாலோ ஆசனத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் தடுமாற்றம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அரை மணிக்கு ஒருதரம் மிஷினை விட்டு எழுந்து நாலு எட்டு நடக்கிறீர்களா?

தையல்கடை அக்கா:
எங்கே தம்பி, தீபாவளி பிளவுஸ் மலை மாதிரி கிடக்கிறது. நேற்று ராத்திரி நாற்காலியில் கால் போட்டுப் படுத்தேன், அப்படியே தூங்கிவிட்டேன், மூன்று மாதத்தில் முதல் தடவை. இன்றைக்குப் பூனையும் ஆயிற்று, ஏழோடு நிறுத்திக்கொண்டேன்.